கிணற்றில் இறங்கும் முன் மூச்சைப் பற்றிச் சில செய்திகள்

கோடையில் கிணற்று நீர் கீழே இறங்கியதும் தூர் வாருவது, புட்வால்வைக் கழற்றிச் சரிபார்ப்பது, பாறையில் வெடி வைத்து ஆழப்படுத்துவது போன்ற வேலைகள் நம் ஊர்களில் தொடங்கிவிடுகின்றன. கிணற்றில் இறங்கிய ஒருவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்கச் சென்றவரும் மாண்டார் என்ற செய்தியும் இதே பருவத்தில்தான் நாளிதழ்களில் வருகிறது. விதை, உரம், களை என்று எழுதிவரும் நான் இம்முறை மனித நுரையீரலைப் பற்றி எழுத முற்பட்டதற்கு இதுவே காரணம். நான் மருத்துவன் அல்லன்; உழவியல் கற்பிப்பவன். எனினும் மூச்சு நடைபெறும் விதத்தை அறிந்துகொண்டால் கிணற்றடியில் செய்யும் பெருந்தவறுகளைத் தவிர்க்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அண்மையில் சொட்டு நீர்ப் பாசனப் பயிற்சி ஒன்றிற்காகப் பல்லடம் பக்கம் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். பேச்சு கிணறுகளைப் பற்றித் திரும்பியபோது பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க சார், தம் புடிச்சுக்கிட்டு எறங்குனா ரெண்டு நிமிசம் தாங்குமுங்க. அதுக்குள்ளார கயித்தக் கட்டிப்போட்டு மேல வந்துரலாமுங்களே?" என்று கேட்டார். கூடியிருந்தோர் பலர் ஆமாம் என்பது போலத் தலையசைத்தனர்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இருவர் ஒரே கிணற்றில் இறந்தனர். பல ஆண்டு இறைக்காமல் கிடந்த கிணறு அது. அண்ணன் அடிப்படிக்குச் சென்றதும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். தம்பி முங்கு நீச்சலில் பேர் பெற்றவர். அவரும் பெரியவர் கேட்டது போலவே தம் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அண்ணனின் தோளைப் பற்றித் தூக்கியதை மேலே நின்றவர்கள் பார்த்தார்கள். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. கிணற்றில் காற்றுச்சேட்டை இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெரியவரின் கேள்விக்கு அன்று நான் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கு விரிவாகத் தருகிறேன்.

காற்று போகும் வழி

மூக்கின் வழியே செல்லும் காற்று தொண்டையைக் கடந்து மூச்சுக்குழாயில் இறங்குகிறது. இக்குழாய் ஒரு சாணுக்கும் குறைவான நீளமுடையது. குழாய் நசுங்கிவிடாமல் குருத்தெலும்பு வளையங்கள் காக்கின்றன. நெஞ்சுக்குள் இது இரண்டாகக் கிளைத்து, வலப்புறம் மூன்று மடல்களும் இடப்புறம் இரண்டு மடல்களும் கொண்ட நுரையீரல்களில் நுழைகிறது. அங்கே கிளை, துணைக்கிளை, சிறுகிளை என்று ஏறத்தாழ 23 முறை பிரிந்து, முடிவில் மிகச் சிறிய காற்றறைகளில் முடிகிறது. தலைகீழாக நிற்கும் ஒரு மரத்தைக் கற்பனை செய்து கொண்டால் அடிமரம் மூச்சுக்குழாய், இலைகள் காற்றறைகள் எனலாம்.

ஒரு காற்றறையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் இவற்றின் எண்ணிக்கை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஒன்றே முக்கால் சென்ட் பரப்பு கிடைக்கும். திருந்திய நெல் சாகுபடியில் ஓர் ஏக்கர் நடவுக்கு நாம் விடும் நாற்றங்கால் ஒரு சென்ட்தான். அதைவிடப் பெரிய ஒரு நிலம் நம் நெஞ்சுக்குள் மடிந்து கிடக்கிறது.

இந்நிலத்தின் வரப்பு மிக மெல்லியது. காற்றறைக்கும் அதைச் சுற்றி ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்க்கும் இடையிலுள்ள சுவர், மெல்லிய இடங்களில், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இதயம் ஒரு நிமிடத்தில் இறைக்கும் சுமார் 5 லிட்டர் இரத்தம் முழுவதும் இச்சுவரை உரசிக்கொண்டு செல்கிறது. ஒவ்வொரு சிவப்பணுவும் அங்கே தங்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு கரியமில வாயுவை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது.

ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு குழாய்களிலேயே நின்று, காற்றறையை எட்டாமல் திரும்பிவிடுகிறது. வாய்க்கால் நனைந்த பிறகுதானே வயலுக்கு நீர் போகும்! நாளொன்றுக்குக் கணக்கிட்டால் நாம் உள்ளிழுக்கும் காற்று 10,000 லிட்டருக்குக் குறையாது.

தூசியைத் தடுக்கும் ஏற்பாடு மூக்கிலும் குழாய்களிலும் உண்டு. மூக்கு மயிரும் சளியும் பருந்தூசியைப் பிடித்துக்கொள்கின்றன. குழாய்ச் சுவரிலுள்ள நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பீடி, சிகரெட் புகை இந்நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்துவிடும். பூசணம் பிடித்த வைக்கோலைக் கிளறும்போது எழும் மிக நுண்ணிய தூசி இத்தடைகளையெல்லாம் தாண்டிக் காற்றறை வரை சென்று சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பது சரியன்று. துண்டின் இழைகளுக்கிடையே இத்தூசி எளிதில் நுழையும். நெருக்கமான வடிகட்டியுடைய முகக்கவசம் அணிவதே நல்லது. இது தனியே எழுத வேண்டிய பொருள், கிணற்றுக்குத் திரும்புவோம்.

நுரையீரல் தானாக விரிவதில்லை

நுரையீரலில் காற்றை இழுக்கும் தசை எதுவும் இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத்தட்டு கூரை போல மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போதும், விலா எலும்புகளின் தசைகள் கூட்டை உயர்த்தும்போதும் நெஞ்சறை பெரிதாகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தானே பாய்ந்து வருகிறது. கொல்லன் துருத்தியும் இவ்வாறுதான் வேலை செய்கிறது. துருத்திக்கு நல்ல காற்று, கெட்ட காற்று என்ற வேறுபாடு தெரியாது. நம் நெஞ்சும் அப்படியே.

காற்றறைச் சுவரைத் தாண்டும் செயலுக்கும் எந்த விசையும் இல்லை. மேட்டு வயலில் நீர் நின்று, பள்ள வயல் காய்ந்திருந்தால், மடையைத் திறந்ததும் நீர் தானே பாய்கிறதல்லவா? அதே முறையில்தான் வெளிக்காற்றில் நூற்றுக்கு 21 பங்காக இருக்கும் பிராண வாயு, அது குறைந்து திரும்பி வரும் இரத்தத்திற்குள் பாய்கிறது. இரத்தத்தில் மிகுந்திருக்கும் கரியமில வாயு எதிர்த்திசையில் பாய்கிறது. வெளிவிடும் மூச்சில் பிராண வாயு 16 பங்காகக் குறைந்திருக்கும். உள்ளே வரும்போது 0.04 பங்காக இருந்த கரியமில வாயு சுமார் 4 பங்காக உயர்ந்திருக்கும்.

இம்மடைக்குப் பலகை கிடையாது என்பதை உழவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பள்ளமும் மேடும் இடம் மாறினால் பாய்ச்சலும் திசை மாறிவிடும். உள்ளிழுக்கும் காற்றில் பிராண வாயு ஐந்தாறு பங்கிற்கும் கீழே இருந்தால் நுரையீரல் அதை உடலுக்குள் எடுப்பதில்லை. இரத்தத்தில் மிச்சமிருப்பதையும் வெளியேற்றிவிடுகிறது. இரண்டு மூன்று மூச்சில் காலியான இரத்தம் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. பத்துப் பதினைந்து நொடிகளில் நினைவு தப்புகிறது.

பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. வாயை மூடி மூச்சை அடக்கியிருக்கும் வரை நெஞ்சில் பிடித்த நல்ல காற்று கொஞ்ச நேரம் உதவும். உட்கார்ந்திருப்பவருக்கு நிமிடத்திற்குக் கால் லிட்டர் பிராண வாயு போதும். நெஞ்சு நிறையப் பிடித்த காற்றில் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் இருக்கும்; ஆகவே வீட்டுத் திண்ணையில் இரண்டு நிமிடம் தம் பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் படியிறங்கி, ஓர் ஆளைப் புரட்டி, கயிறு கட்டும் வேலைக்கு நிமிடத்திற்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை செலவாகும். அரை நிமிடத்திற்கு மேல் தாங்காது. பிறகு ஒரே ஒரு மூச்சு இழுத்தாலும், அடக்கியிருந்ததால் கிடைத்த பயன் அத்தனையும் போய்விடும். எங்கள் ஊர்த் தம்பிக்கு நேர்ந்தது இதுவே என்று இப்போது கருதுகிறேன்.

உடல் ஏன் எச்சரிப்பதில்லை?

மூச்சுத் திணறினால் மேலே ஏறி வந்துவிடலாமே என்று கேட்கலாம். திணறல் என்ற உணர்வு பெரும்பாலும் பிராண வாயு குறைவதால் வருவதில்லை. கரியமில வாயு கூடுவதால்தான் வருகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம் இரத்தத்தின் கரியமில வாயுவை அளந்து மூச்சை ஏவுகிறது. 1905ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி ஆகிய இருவரும் இதனை ஆய்ந்து வெளியிட்டனர். பிராண வாயுவை அளக்கும் உறுப்புகளும் கழுத்து இரத்தக் குழாய்களருகே உண்டு. ஆனால் அது வெகுவாகக் குறைந்த பிறகே அவை உரக்கக் குரல் கொடுக்கும். பிராண வாயு இல்லாத, ஆனால் கரியமில வாயுவும் மிகாத காற்றை இழுத்து விடும்போது கரியமில வாயு வழக்கம் போல வெளியேறிக்கொண்டே இருக்கிறது. எனவே திணறல் இல்லை. சிறு மயக்கம், கால் துவளுதல், பிறகு நினைவின்மை. குடித்தவரைப் போலச் சிலருக்கு ஒரு துணிச்சல் கூட வருமாம்.

இந்த ஹால்டேன் சுரங்கங்களுக்குள் தாமே இறங்கிக் காற்றைச் சோதித்தவர். தம் மகனையும் சிறுவனாக இருந்தபோதே அழைத்துச் செல்வார். ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், கூரையோரம் மீத்தேன் தேங்கியிருந்த இடத்தில் பையனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் மார்க் ஆண்டனியின் சொற்பொழிவை ஒப்பிக்கச் செய்தார். சில வரிகளிலேயே பையனுக்கு மூச்சு வாங்கியது, கால் துவண்டது, விழுந்தான். தரையோரம் நல்ல காற்று இருந்ததால் உடனே தெளிந்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது, தானே நஞ்சன்று, ஆனால் பிராண வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற பாடம் அவனுக்கு ஆயுள் முழுதும் மறக்கவில்லை. அப்பையனே பின்னாளில் புகழ்பெற்ற உயிரியலறிஞரான ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். தந்தை செய்தது சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை; என் மகனை வைத்து நான் அதைச் செய்ய மாட்டேன்.

கிணற்றில் முங்கு நீச்சல் அடிக்கும் சிறுவர்களுக்கும் இச்செய்தி பொருந்தும். நெடுநேரம் மூழ்கியிருக்க வேண்டுமென்று கரையில் நின்று பலமுறை வேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். இதனால் பிராண வாயு அதிகம் சேர்வதில்லை. கரியமில வாயுதான் வெளியேறுகிறது. மூச்சு விடச் சொல்லும் ஏவல் தாமதமாக, நீருக்கடியிலேயே நினைவு தப்பிவிடும். இப்பழக்கத்தை வீட்டுப் பெரியவர்கள் கண்டிக்க வேண்டும்.

கிணற்றுக்குள் காற்று கெடுவது எவ்வாறு?

இது உழவியல் சார்ந்தது. ஆகவே சற்று உரிமையோடு எழுதுகிறேன். மண்ணும் மூச்சு விடுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் பிராண வாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுவதால், மண்துளைகளிலுள்ள காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு, அதற்கு மேலும் இருக்கும். இக்காற்று கிணற்றின் பக்கச் சுவர்கள் வழியே உள்ளே கசிகிறது. கரியமில வாயு காற்றைப் போல ஒன்றரை மடங்கு எடையுள்ளது. எனவே ஆழமான, குளிர்ந்த, காற்றோட்டமற்ற கிணற்றடியில் தேங்கி நிற்கும். விழுந்து அழுகும் இலை தழைகள் அடியிலுள்ள பிராண வாயுவையும் தின்றுவிடுகின்றன. இவ்வாறு கரியமில வாயு மிகுந்த கிணற்றில் மூச்சு வாங்கும். அந்த எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் அது 10 பங்கை எட்டினால் ஏறி வர அவகாசம் தராது.

நேற்று இறங்கி வந்த கிணறுதானே என்ற துணிவும் ஆகாது. மழைக்கு முன் காற்றழுத்தம் குறையும்போது மண்ணிலுள்ள காற்று வெளிப்பட்டுக் கிணற்றை நிரப்பும். மூடாக்கமான நாளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

நாமே கெடுத்துக்கொள்வதும் உண்டு. சேற்று நீரை இறைப்பதற்காக டீசல் அல்லது பெட்ரோல் பம்புசெட்டைக் கிணற்றுத் திட்டில் இறக்கி ஓட்டுகிறார்கள். அது பிராண வாயுவைச் செலவழிப்பதோடு, புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் கக்குகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் பிராண வாயுவைவிட இதனை 200 மடங்கிற்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும். குத்தகைக்கு வந்தவன் நிலத்தை விடாமல் உட்கார்ந்துகொண்டது போன்ற நிலை. காற்றில் பிராண வாயு நிறைந்திருந்தாலும் அதற்கு இரத்தத்தில் இடமில்லை. வெடி வைத்த பின் எழும் புகையிலும் இந்நச்சு உண்டு. ஆகவே எஞ்சின் எப்போதும் மேலே, கிணற்று வாயிலிருந்து தள்ளி, காற்று எத்திசையில் வீசுகிறதோ அத்திசையில் புகை போகும்படி இருக்க வேண்டும். வெடி வைத்த கிணற்றில் புகை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் இறங்குவது தவறு. காற்றை ஊதி வெளியேற்றிய பிறகே இறங்க வேண்டும்.

சாண எரிவாயுக் கலனும் கழிவுநீர்த் தொட்டியும் கிணற்றைவிடக் கொடியவை. அங்கு மீத்தேனோடு அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்திருக்கும். அளவு மிகுந்தால் அது மோப்ப உணர்வையே கெடுத்துவிடுவதால் நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். இவற்றுள் ஆளை இறக்கவே கூடாது.

விளக்குச் சோதனை

அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். பிராண வாயு 16, 17 பங்கிற்குக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும். மனிதர் நினைவிழப்பது அதற்கும் கீழேதான். எனவே விளக்கு அணைந்த கிணற்றில் இறங்காதிருப்பது அறிவுடைமை. ஆனால் விளக்கு எரிகிறது என்பதாலேயே இறங்கிவிடலாம் என்று கொள்ளக் கூடாது. கார்பன் மோனாக்சைடைச் சுடர் காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் கூடும். சாணக் கலனருகே நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. இப்போது அரிக்கேன் விளக்கு பல வீடுகளில் இல்லை. செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அது எந்தக் காற்றிலும் அணையாது!

வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவது பழைய முறை. கொஞ்சம் பயன் தரும்; போதாது. மின்சார ஊதியுடன் நீண்ட குழாயை இணைத்து, குழாய் முனையைக் கிணற்றடி வரை இறக்கி நெடுநேரம் காற்றைச் செலுத்துவதும், ஆள் உள்ளே இருக்கும் வரை நிறுத்தாதிருப்பதும் சிறந்த முறை. வாயுக்களை அளக்கும் கருவி வைத்திருப்போரைக் கொண்டு சோதித்த பின் இறங்குவது அதைவிட நல்லது.

எத்தனை சோதனை செய்திருந்தாலும், இறங்குபவரின் மார்பிலும் தொடையிலும் வார் கட்டி, கயிற்றை மேலே கப்பியில் பூட்டி, இருவரேனும் பிடித்திருக்க வேண்டும். கீழே உள்ளவர் பேசிக்கொண்டே இருக்கட்டும். பேச்சு குழறினால், நின்றால், காரணம் கேட்காமல் இழுக்க வேண்டும். கயிறு முன்பே கட்டியிருந்தால் இரண்டாவது ஆள் இறங்க வேண்டிய தேவையே எழாது.

விழுந்துவிட்டால்

கயிறு கட்டாதவர் விழுந்துவிட்டால் மேலே நிற்பவர்கள் இறங்கக் கூடாது. எழுதுவது எளிது, கீழே கிடப்பவர் உடன்பிறந்தவராக இருக்கும்போது கேட்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஒருவர் 101 அல்லது 112க்குப் பேசித் தீயணைப்பு நிலையத்தாரை வரவழைக்க வேண்டும். அவர்களிடம் காற்றுக் கலன் பொருத்திய மூச்சுக் கருவி உண்டு. இன்னொருவர் 108க்குப் பேசட்டும். மற்றவர்கள் உடனே ஊதிக் குழாயை இறக்கிக் கீழே கிடப்பவரின் முகத்தருகே நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். ஊதி இல்லையெனில் கம்ப்ரசர் டிராக்டரின் குழாயையும் பயன்படுத்தலாம். பிராண வாயு இல்லாமல் நான்கைந்து நிமிடம் கடந்தால் மூளை பழுதாகத் தொடங்குமாதலால், கீழே போய்ச்சேரும் காற்றுதான் அவருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

மேலே கொண்டுவந்ததும் கூட்டத்தை விலக்கி, மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் ஆழ்ந்து போகும்படி அழுத்த வேண்டும். 30 அழுத்தத்திற்குப் பிறகு தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊத வேண்டும். சாணக் கலன், கழிவுநீர்த் தொட்டி, பூச்சிமருந்து இவற்றால் விழுந்தவராயின் ஊதுவது ஊதுபவருக்கும் ஆபத்து. அழுத்தம் மட்டும் போதும். நாம் விட்ட மூச்சு கெட்ட காற்றுத்தானே, அதை ஊதிப் பயனென்ன என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். அதில் இன்னும் 16 பங்கு பிராண வாயு இருக்கிறது. மூச்சு நின்றவருக்கு அது போதும். ஒருவருக்குக் கை சோர்ந்தால் அடுத்தவர் தொடரலாம். 108 ஊர்தி வந்து பொறுப்பேற்கும் வரை இடையில் நிறுத்தக் கூடாது.